சுவருக்கும் வில்லங்கம் பார்க்கணும்

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில இருபது வருஷம் வேலை பார்த்த எங்க மாமாவுக்கு ஒரே ஆசைதான். ஊர்ப்பக்கம் ஒரு வீடு வாங்கணும், அதுவும் பழைய வீடா இருக்கணும். போன மே மாசம் பண்ணைப்புரத்துல அப்படி ஒண்ணு விலைக்கு வந்துச்சு. தேனி மாவட்டத்துல, தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவுல, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கிற பேரூராட்சி அது. இளையராஜா பிறந்த ஊர்னு சொன்னா உங்களுக்கு உடனே தெரியும். வாசல்ல திண்ணை, உள்ளே சின்ன முற்றம், நாலு மரத்தூண், மேலே ஓடு, ஒன்றரை அடி தடிமன்ல சுவர். மாமா அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துட்டு கேட்டார்: "மாப்ள, நீ சிவில்தானே படிக்கிற? பார்த்துச் சொல்லு. இத்தனை வருஷம் நின்ன வீடு, நம்ம காலத்துக்கு நிக்காதா?"

ஏழு செமஸ்டர் முடிச்சிருந்தேன். பீம் டிசைன் தெரியும், காலம் டிசைன் தெரியும். அந்தச் சுவரைப் பார்த்து என்ன சொல்றதுன்னு மட்டும் தெரியல. அந்த வீட்டுல பீமும் இல்ல, நாம படிச்ச மாதிரி காலமும் இல்ல. கம்பியே கிடையாது. கல், செங்கல், சுண்ணாம்பு, மண், மரம் அவ்வளவுதான்.

மாமா மத்த விஷயத்துல ரொம்ப உஷாரான ஆள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டு வாங்கியிருந்தார். மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ் எல்லாத்தையும் வக்கீல்கிட்ட காட்டி ஒப்பீனியன் வாங்கியாச்சு. ஆனா சுவருக்கு யாரும் வில்லங்கம் பார்க்கல. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான். உங்க வீட்டுலயோ, சொந்தக்காரங்க வீட்டுலயோ என்னைக்காவது ஒரு பழைய வீடு வாங்குற பேச்சு வரும். "நீ இன்ஜினியரிங்தானே"ன்னு உங்களைத்தான் கூப்பிடுவாங்க. அன்னைக்கு என்ன பார்க்கணும், எங்க நிறுத்திக்கணும்னு தெரிஞ்சிருந்தா நல்லது.

சட்டம் யார் பக்கம்?

முதல்ல ஒரு சட்ட விஷயம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்துல 55-ஆவது பிரிவு இருக்கு. விற்கிறவருக்குத் தெரிஞ்சு, வாங்குறவருக்குத் தெரியாம இருக்கிற முக்கியமான குறையை விற்கிறவர் சொல்லியாகணும்னு அது சொல்லுது. கேட்க நல்லா இருக்குல்ல? ஆனா கூடவே ஒரு நிபந்தனை இருக்கு. வாங்குறவர் சாதாரணக் கவனத்தோட பார்த்திருந்தாலே கண்டுபிடிச்சிருக்க முடியும்ங்கிற குறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதாவது சுவர்ல தெரியிற விரிசல், உப்பு பூத்த அடிப்பகுதி, தொங்குற கூரை இதெல்லாம் "நீ பார்த்துட்டுத்தானே வாங்கினே" கணக்குல போயிடும். கிரயம் முடிஞ்ச பிறகு போய்ச் சண்டை போட இடம் ரொம்பக் குறைவு. அதனால பார்க்கிற வேலை நம்மளோடது.

"பேங்க் லோன் போட்டா அவங்களே ஆள் அனுப்பிப் பார்ப்பாங்களே"ன்னு கேட்கலாம். பேங்க் அனுப்புற மதிப்பீட்டாளர் முக்கியமா பார்க்கிறது, கொடுக்கிற கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமான்னுதான். உத்திரத்தோட முனை செல்லரிச்சிருக்கான்னு தட்டிப் பார்க்கிறது வேற வேலை. இங்கிலாந்துல வீடு வாங்குறதுக்கு முன்னாடி சர்வே எடுக்கிறது சாதாரண பழக்கம். அங்க இருக்கிற ஆர்.ஐ.சி.எஸ். அமைப்பு அதை மூணு நிலையா பிரிச்சு வச்சிருக்கு. பழைய வீடு, மாத்திக் கட்டின வீடுன்னா மூணாவது நிலை, அதாவது முழு ஆய்வு. நம்ம ஊர்ல அப்படி ஒரு வழக்கமே இல்ல. ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய், "ஸ்ட்ராங்கா இருக்குண்ணே"ன்னு அவர் சொன்னா முடிஞ்சுது.

செலவைப் பத்தியும் சொல்லிடறேன். தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் பத்திரம்னா 1,80,000 ரூபாய் அதுக்கே போகுது. அவ்வளவு கட்டுற நாம, சுவரைப் பார்க்க ஒரு இன்ஜினியருக்குக் கொடுக்கிற ஃபீஸ்ல மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம்.

நான் மாமாகிட்ட நேராவே சொல்லிட்டேன். "மாமா, இது எனக்குத் தெரியாத கட்டடம். தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுவோம்." மதுரையில இருந்து பழைய கட்டடங்கள்ல அனுபவம் உள்ள ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்தார். உள்ளூர்ல இருந்து வயசான கொத்தனார் ஒருத்தர். நான் நோட்டும் டேப்பும் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே போனேன். அன்னைக்குக் கத்துக்கிட்டதை அவங்க பார்த்த வரிசையிலேயே எழுதறேன்.

முதல்ல தண்ணி

இன்ஜினியர் வீட்டுக்குள்ள வரவே இல்ல. அரை மணி நேரம் வெளியிலேயே சுத்தினார். மழை பெய்ஞ்சா தண்ணி எங்க விழும், எப்படி ஓடும், எங்க தேங்கும், இதைத்தான் பார்த்தார். பழைய வீட்டுக்கு முதல் எதிரி தண்ணிதான்னு சொன்னார். சுண்ணாம்புச் சாந்துலயும் மண் சாந்துலயும் கட்டின சுவர் வருஷக்கணக்கா பாரம் தாங்கும். அதுல தண்ணி இறங்கிட்டா நிலைமை மாறிடும்.

புதுச்சேரி கடற்கரையில மேரி கட்டடம்னு ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? 19-ஆம் நூற்றாண்டுல கட்டின நகராட்சிக் கட்டடம். பழுதாகி, சீரமைக்கணும்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. 2014 நவம்பர் மழையில அது இடிஞ்சு விழுந்துச்சு. அப்புறம் பழைய தோற்றத்துலயே புதுசா கட்டி 2021-ல திறந்தாங்க. மே மாசத்துல கம்பீரமா நிக்கிற கட்டடம் ஐப்பசி மழையில எப்படி நிக்கும்ங்கிறதுதான் உண்மையான கேள்வி.

நம்ம ஊர்களுக்கே உரிய ஒரு பிரச்சினையும் இருக்கு. தெரு. தார் ரோடு, அது மேல சிமென்ட் ரோடு, அதுக்கு மேல இன்னொரு தடவைன்னு போட்டுப் போட்டுத் தெரு மட்டம் ஏறிட்டே வந்திருக்கும். வீடு கட்டினப்போ தெருவுல இருந்து மூணு படி ஏறித் திண்ணைக்குப் போயிருப்பாங்க. மாமா பார்த்த வீட்டுல இப்போ ஒரு படிதான் மிச்சம். தெருத் தண்ணி சுவரோட அடியிலேயே நிக்குது.

அந்தத் தண்ணி சுவருக்குள்ள மேலே ஏறும். நான் "ரைசிங் டேம்ப்"னு சொன்னேன். கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "ஓதம்னு சொல்லு தம்பி"ன்னார். தரையில இருந்து ரெண்டு மூணு அடி உயரம் வரைக்கும் பூச்சு உப்பி, வெள்ளையா உப்பு பூத்து, தொட்டா பொடியா உதிருதா, அது ஓதம்.

இதுல நம்ம ஆளுங்க செய்யிற பெரிய தப்பு, உதிர்ற பூச்சைத் தட்டிவிட்டு சிமென்ட் பூசறது. சுண்ணாம்புப் பூச்சு தண்ணியை ஆவியா வெளியே விடும். சிமென்ட் பூச்சு அதை அடைச்சிடும். அடைச்ச தண்ணி எங்க போகும்? இன்னும் உயரமா ஏறும், இல்லன்னா சுவருக்குள்ளேயே நின்னு மண் சாந்தைக் கரைக்கும். அதனால சுவரோட அடியில மட்டும் புதுசா சிமென்ட் பட்டை இருந்தா, டைல்ஸ் ஒட்டியிருந்தா, சந்தேகப்படுங்க.

பக்கத்து மனையையும் பாருங்க. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூர்ல, விடிகாலை மழையில, சுமார் 20 அடி உயரக் காம்பவுண்டு சுவர் ஒண்ணு பக்கத்துல இருந்த வீடுகள் மேல விழுந்து 17 பேர் இறந்தாங்க. அவங்க தூங்கிக்கிட்டிருந்த வீட்டுக்கும் அந்தச் சுவருக்கும் சொந்தக்காரர் வேற வேற. நம்ம வீட்டை அழுத்துற ஆபத்து நம்ம பத்திரத்துல இல்லாத சுவர்ல கூட இருக்கலாம்.

அடுத்து சுவர்

தடிமனான சுவர்னா பலமான சுவர்னு நாம நினைக்கிறோம். 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி மகாராஷ்டிராவுல லத்தூர் பகுதியில நடந்த நிலநடுக்கத்துல ஏறத்தாழ 8,000 பேர் இறந்தாங்க. அங்க நிறைய வீடுகள் ரொம்பத் தடிமனான கல் சுவர் வீடுகள்தான். பிரச்சினை என்னன்னா, அந்த மாதிரி சுவர் உண்மையில ரெண்டு சுவர். வெளிப்பக்கம் ஒரு அடுக்குக் கல், உள்பக்கம் ஒரு அடுக்குக் கல், நடுவுல சில்லும் மண்ணும். ரெண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கல் குறுக்க போகலன்னா, அசைவு வந்தப்போ ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சிடும். குறைந்த பலமுள்ள கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 13828 விதி, சுவரோட முழுத் தடிமனுக்கும் போற கல்லை ஒவ்வொரு 60 செ.மீ. உயரத்துலயும், 1.2 மீட்டருக்கு மேல இடைவெளி விடாம வைக்கச் சொல்றது இதனாலதான்.

தேனிப் பக்கம் லத்தூர் அளவு நிலநடுக்கம் வரும்னு பயமுறுத்த வரல. நிலநடுக்கம் இல்லாமலே, தண்ணி இறங்கினாலும் இந்தப் பிரிவு மெதுவா நடக்கும். சுவர் நடுவுல வயிறு தள்ளின மாதிரி உப்பியிருந்தா அதுதான் அடையாளம். இதைக் கண்டுபிடிக்கத் தூக்குக் குண்டு போதும். மேலே இருந்து நூலைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கணும். நாம படிச்ச மிடில் தேர்டு ரூல் ஞாபகம் வருதா? 45 செ.மீ. சுவர்ல பாரம் மையத்துல இருந்து 7.5 செ.மீ.க்கு மேல விலகினா ஒரு பக்கம் இழுவிசை வந்திடும். மண் சாந்துக்கு இழுவிசை தாங்குற பலம் கிட்டத்தட்ட பூஜ்யம். பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வியா எழுதினது, இங்க ஒரு குடும்பம் படுத்துத் தூங்கலாமா வேண்டாமாங்கிற கேள்வி.

சாந்து எதுன்னு தெரிஞ்சுக்க ஒரு எளிய வழி இருக்கு. விற்கிறவர் சம்மதத்தோட, கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு சின்னத் துண்டுச் சாந்தை எடுத்து டம்ளர் தண்ணியில போடுங்க. மண் சாந்துன்னா கொஞ்ச நேரத்துல கரைஞ்சு சேறாகிடும். நல்ல சுண்ணாம்புச் சாந்து அப்படியே கிடக்கும். அந்த வீட்டுல முன்பக்கம் சுண்ணாம்பு, பின்பக்கம் மண். ஒரே வீடு, ரெண்டு காலம்.

இனி விரிசல். எல்லா விரிசலும் ஆபத்து கிடையாது. அது எந்தத் திசையில போகுது, எவ்வளவு அகலம், இன்னும் வளருதா, இந்த மூணும்தான் கேள்வி. ஜன்னல் மூலையில இருந்து சாய்வா போனா, அடியில மண் இறங்கியிருக்கலாம், இல்லன்னா ஜன்னல் மேல இருக்கிற தாங்கு கட்டை போயிருக்கலாம். ரெண்டு சுவர் சேர்ற மூலையில செங்குத்தா போனா, அந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக் கட்டப்படல. கூரைக்குக் கீழே படுக்கையா போனா, கூரை சுவரை வெளியே தள்ளுது.

அகலத்தை அளக்கக் கருவி இல்லையா? உங்க ஏ.டி.எம். கார்டு 0.76 மி.மீ. தடிமன். அது உள்ளே நுழையலன்னா பெரும்பாலும் நுண்விரிசல். பிரிட்டன்ல பரவலா பயன்படுத்துற ஒரு வகைப்பாட்டுல 5 மி.மீ. வரைக்கும் லேசானது, 5 முதல் 15 வரைக்கும் நடுத்தரம், 15-க்கு மேல கடுமை, 25-ஐத் தாண்டினா மிகக் கடுமைன்னு வச்சிருக்காங்க. வளருதான்னு பார்க்க, விரிசலுக்குக் குறுக்க ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ரெண்டு முனையிலயும் ஒட்டி, தேதி எழுதி விட்டுடணும். சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும்.

இங்கதான் எனக்கு முதல் அடி. முன்னறையில ஒரு நீள விரிசலைப் பார்த்ததும், "மாமா, இந்த வீடு வேணாம்"னு அவசரப்பட்டுட்டேன். இன்ஜினியர் டார்ச் அடிச்சுக் காட்டினார். விரிசலுக்குள்ள பழைய சுண்ணாம்பு வெள்ளை, அது மேல ஒட்டடை, தூசி. பல தடவை வெள்ளையடிச்சும் அது திறக்கல. "இது எப்பவோ வந்து நின்னுபோன விரிசல். இது உன்னை ஒண்ணும் பண்ணாது"ன்னார். புது விரிசல்னா ஓரம் கூர்மையா, உள்ளே சுத்தமா இருக்குமாம்.

அதே சமயம், "இந்த ரூம் சூப்பரா இருக்கே"ன்னு நான் சொன்ன பின்கட்டு அறைதான் அவரை யோசிக்க வச்சுது. வீடு முழுக்கப் பழைய பெயின்ட், அந்த ஒரு அறைக்கு மட்டும் ஏன் புதுப் பெயின்ட்?

மரமும் ஓடும்

பின்கட்டுல அவர் ஏணி போட்டு ஏறி உத்திரத்தோட முனைக்குப் போனார். மரம் நடுவுல கெட்டுப்போறதை விட, சுவருக்குள்ள புதைஞ்சிருக்கிற முனையிலதான் முதல்ல கெடும். அங்கதான் ஈரம் இருக்கும், காத்து இருக்காது. ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசா அழுத்தினார். பெயின்ட்டுக்குக் கீழே அது வெண்ணெய்ல போற மாதிரி போச்சு. சுவர் ஓரமா கரையான் மண் கோடு. பெயின்ட் அதையும் மூடியிருந்துச்சு.

"மேல ஒரு இஞ்ச்தான் அரிச்சிருக்கு, உள்ளே வைரம் பாய்ஞ்ச மரம்"னு யாராவது சொன்னா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. செவ்வக உத்திரத்தோட வளைவு பலம் அகலத்தையும் ஆழத்தோட வர்க்கத்தையும் பெருக்கினதுக்கு ஏத்த மாதிரி மாறும். 6-க்கு 8 இஞ்ச் உத்திரம்னா 6 × 64 = 384. சுத்திலும் ஒரு இஞ்ச் போனா 4-க்கு 6. அப்போ 4 × 36 = 144. பலம் 100-ல இருந்து 38-க்கு வந்தாச்சு. பார்வைக்கு ஒரு இஞ்ச், கணக்குல பாதிக்கும் மேல காலி.

முழு மரமும் போகணும்னு இல்ல. முனை மட்டும் கெட்டிருந்தா, அதை வெட்டி எடுத்துட்டு நல்ல மரத்தை ஒட்டுப் போட்டு போல்ட் பண்ணலாம், அடியில தாங்கு கொடுக்கலாம். ஏற்கெனவே கட்டின வீட்டுக்குக் கரையான் மருந்து அடிக்கிற முறை ஐ.எஸ். 6313-இன் மூணாவது பாகத்துல இருக்கு. ஆனா ஈரத்தை நிறுத்தாம மருந்து மட்டும் அடிச்சா திரும்ப வரும்.

ஓட்டுக்கு வேற கவலை. கம்பம் பள்ளத்தாக்குல ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு அந்தப் பக்கத்துப் பசங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. முகட்டு ஓடு பெயர்ந்திருக்கா, ஓரத்து ஓடு இறுக்கமா இருக்கா, ரீப்பர் வளைஞ்சிருக்கான்னு உள்ளே இருந்தே பாருங்க. பகல்ல விளக்கை அணைச்சுட்டு அண்ணாந்து பார்த்தா வெளிச்சம் வர்ற ஓட்டை எல்லாம் தெரியும். ஓட்டு மேல நீங்க ஏறாதீங்க. அது உங்க எடைக்குக் கட்டினது கிடையாது.

அப்புறம் அகலவாக்குல சுவருக்குச் சுவர் போற விட்டம் முழுசா இருக்கான்னு பார்க்கணும். சாய்வுக் கூரை ரெண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளப் பார்க்கும், அந்த விட்டம்தான் இழுத்துப் பிடிக்குது. பாகப்பிரிவினையில அண்ணன் தம்பி வீட்டை ரெண்டாப் பிரிச்சு, நடுவுல சுவர் வச்சு, வழியில இருந்த மரத்தை அறுத்து விட்டிருப்பாங்க. பத்திரத்துல "கீழ்பாகம், மேல்பாகம்"னு ரெண்டு வரி. கூரைக்கு அது கை ஒடிஞ்ச மாதிரி.

பழைய வீட்டுல புது காங்கிரீட்

எல்லாரும் கவனிக்காம விடுற இடம் இதுதான். பழைய வீட்டோட பின்னாடி பிற்பாடு ஒரு ஆர்.சி.சி. சமையலறையோ பாத்ரூமோ சேர்த்திருப்பாங்க. "அது காங்கிரீட், அதுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லுவாங்க. பல வீடுகள்ல பழைய சுவரை விட அதுதான் சீக்கிரம் கெடுது. கம்பிக்கு மேல போதுமான கவர் இல்லாம, தண்ணி கசிஞ்சு, கம்பி துருப்பிடிச்சு, காரை பெயர்ந்து விழும். துரு கம்பியை விட அதிக இடம் பிடிக்கிறதால அது காங்கிரீட்டை உள்ளே இருந்தே பிளக்கும்.

நம்ம லேப் டெஸ்ட் எல்லாம் இங்கதான் உதவும். புதுசா உடைச்ச காங்கிரீட் மேல ஃபீனால்ஃப்தலீன் தெளிச்சா, ரோஸ் ஆனா காரத்தன்மை இருக்கு, கம்பிக்குப் பாதுகாப்பு இருக்கு. நிறம் மாறலன்னா கார்பனேஷன் அந்த ஆழம் வரைக்கும் போயாச்சு. ரீபவுண்டு ஹேமர் அடிக்கலாம். ஆனா அது சொல்ற பலம் 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம்னு பழைய ஐ.எஸ். 13311-லேயே எழுதியிருந்துச்சு. அதே ஹேமரைக் கொண்டுபோய் மண் சாந்துச் சுவர்ல அடிச்சு நம்பர் எழுதுறவரைப் பார்த்தா, அந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க. காங்கிரீட்டுக்குன்னு செஞ்ச கருவி அது.

இன்னொரு பெரிய விஷயம், "வாங்கி, மேல ஒரு மாடி போட்டுக்கலாம்". மாமாவோட பிளானே அதுதான். மங்களூர் ஓட்டுக் கூரை ரீப்பரோட சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 65 கிலோ. 125 மி.மீ. காங்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோவுக்கு மேல. பத்துக்குப் பத்து அறையில 600 கிலோ இருந்த இடத்துல மூணு டன் வந்து உட்காரும். அதுக்கு மேல மாடிச் சுவர், ஆட்கள், தண்ணி டேங்க். இதை எல்லாம் மண் சாந்துச் சுவரும், ஆழமே தெரியாத கடகாலும் தாங்கணும். இன்ஜினியர் கணக்கைக் காட்டினதும் மாமா ரொம்ப நேரம் பேசல.

கடகாலைத் தெரிஞ்சுக்க ஒரே வழி, சுவர் ஓரமா ஒரு இடத்துல சின்னக் குழி தோண்டிப் பார்க்கிறது. எவ்வளவு ஆழம், கல்லா செங்கல்லா, அடியில செம்மண்ணா கரிசலா. கரிசல் மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். சுவரும் கூடவே ஏறி இறங்கும். குழியை அன்னைக்கே மூடி நல்லா கெட்டிச்சு விடணும்.

ரிப்போர்ட்டுல என்ன இருக்கணும்?

"வீடு நல்லா இருக்கு"ன்னு ஒரு வரி எழுதி சீல் வச்சுக் கொடுத்தா அது ரிப்போர்ட் இல்ல. நல்ல ரிப்போர்ட்டுல வீட்டோட பிளான் வரைஞ்சு, எந்தச் சுவர்ல எந்த விரிசல்னு குறிச்சு, போட்டோவோட இருக்கும். உடனே செய்ய வேண்டியது, ஒரு வருஷத்துக்குள்ள செய்ய வேண்டியது, சும்மா கவனிச்சா போதும்ங்கிறதுன்னு பிரிச்சிருக்கும். ஒவ்வொண்ணுக்கும் தோராயச் செலவு இருக்கும். முக்கியமா, எதையெல்லாம் பார்க்க முடியலங்கிற பட்டியலும் இருக்கும். சுவருக்குள்ள, பூட்டின அறைக்குள்ள, பரணுக்கு மேல இருக்கிறதை யாரும் எக்ஸ்ரே எடுத்துச் சொல்ல முடியாது. அதை ஒத்துக்கிட்டு எழுதுறவரைத்தான் நம்பலாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கிறப்போ ஒண்ணு கவனிங்க. ரிப்பேர் கான்ட்ராக்ட் எடுக்கப் போறவரும் சர்வே பண்றவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. ஒருத்தருக்கு எல்லாத்தையும் இடிச்சாத்தான் வேலை கிடைக்கும். புரோக்கர் கூட்டிட்டு வர்ற ஆளுக்கு எல்லாம் நல்லா இருந்தாத்தான் கமிஷன் கிடைக்கும். நாம ஃபீஸ் கொடுத்து நாம கூப்பிட்ட ஆள் வேணும். செங்கல், கல் கட்டுமானத்துக்கு ஐ.எஸ். 1905, அதை ஆய்வு செஞ்சு பலப்படுத்துறதுக்கு ஐ.எஸ். 13935 இருக்கு. இதையெல்லாம் வச்சு வேலை பார்த்திருக்காரான்னு கேளுங்க. நாம ஸ்டூடன்ட்ஸ், கூடப் போகலாம், அளக்கலாம், கேள்வி கேட்கலாம். "நல்லா இருக்கு, வாங்குங்க"ன்னு சொல்ற உரிமை நமக்கு இன்னும் வரல.

நேரமும் முக்கியம். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே சர்வே எடுத்துடணும். அது முடியலன்னா, "கட்டட ஆய்வுல பெரிய பழுது தெரிஞ்சா அட்வான்ஸைத் திருப்பித் தரணும்"னு கிரய ஒப்பந்தத்துலயே ஒரு வரி எழுத வக்கீலைக் கேளுங்க. முடிஞ்சா ஒரு மழையைப் பார்த்துட்டு வாங்குங்க. கோடையில எந்தக் கூரையும் ஒழுகாது.

மாமா என்ன பண்ணினார்?

விற்கிறவர் மழை வரைக்கும் காத்திருக்கத் தயாரா இல்ல. "வேற பார்ட்டி இருக்கு"ன்னார். மாமா ரிப்போர்ட்டை அவர் முன்னாடி வச்சார். முன்கட்டு நல்ல நிலையில இருக்கு, பின்கட்டுக் கூரையை முழுசா மாத்தணும், அதுக்கு இவ்வளவு செலவு. சண்டை இல்ல, சத்தம் இல்ல. ரெண்டு நாள் பேச்சுக்கு அப்புறம் பின்கட்டுச் செலவுல பெரும்பகுதி விலையில குறைஞ்சுது. ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த ஃபீஸை விட அது பல மடங்கு.

மாடி போடுற பிளானை மாமா விட்டுட்டார். அத்தைக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். வாங்கின பிறகு அவர் செஞ்ச முதல் வேலை பெயின்ட் அடிக்கிறதோ டைல்ஸ் போடுறதோ இல்ல. வீட்டைச் சுத்தி வாய்க்கால் வெட்டி, தண்ணியைச் சுவர்ல இருந்து தள்ளி விட்டார். அடிச்சுவர்ல இருந்த சிமென்ட் பூச்சை உடைச்சு எடுத்துட்டு, அந்தக் கொத்தனாரை வச்சே திரும்பச் சுண்ணாம்பு பூசினார். அந்த வேலை தெரிஞ்ச ஆள் அந்தப் பக்கத்துல இன்னும் ரெண்டு மூணு பேர்தான் இருக்காங்கன்னு கொத்தனார் சொன்னார்.

இந்த மாதிரி வீடுகளை நம்ம ஊர்ல ரெண்டே விதமாத்தான் பார்க்கிறாங்க. ஒண்ணு, "பழசு, இடிச்சுட்டுப் புதுசா கட்டு". இன்னொண்ணு, "அந்தக் காலத்துக் கட்டடம், அசையவே அசையாது". ரெண்டுமே பார்க்காம சொல்றது. ஒழுங்காப் பார்த்தா எந்தப் பகுதி நிக்கும், எதை மாத்தணும், எதைத் தொடவே கூடாதுன்னு தனித்தனியா தெரியும். அப்படிப் பார்க்க ஆள் இல்லாமதான் நிறைய நல்ல வீடு இடிபடுது, சில ஆபத்தான வீட்டுல ஆள் குடியிருக்காங்க.

முன்னறை விரிசல்ல ஒட்டின கண்ணாடித் துண்டு தீபாவளி மழைக்கு அப்புறமும் உடையல. மாமா வாரா வாரம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறார். நீங்களும் இந்த லீவுக்கு ஊருக்குப் போனா, தாத்தா வீட்டுச் சுவர் ஓரமா ஒரு தடவை நடந்து பாருங்க. ஏ.டி.எம். கார்டும் ஒரு நூலும் போதும்.